கண்ணைத் திறந்து ஒரு முங்கு

போன மாதம் எங்கள் ரெகுலேட்டருக்குத் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கிற கேமரா ஒன்று வந்தது. குத்தாலத்துக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில், தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடுகிற ஷட்டர்களோடு இருக்கிறது அந்த ரெகுலேட்டர். அங்கேதான் நான் லஸ்கராகச் சேர்ந்து லஸ்கராகவே ஓய்வு பெற்றேன். பெயர்தான் பட்டாளத்துப் பெயர். வேலை என்னவோ ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையைக் காப்பது, ஷட்டர் எங்காவது மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள் இறங்கி அதை விடுவிப்பது. இப்போது என் இடத்தில் இருக்கிற பிரபு போன் போட்டு, "சவரி அண்ணே, கேமரா வந்திருக்கு, வந்து பாருங்க" என்றான். சாப்பிட்ட கை காய்வதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

கேமராவை ஒயரில் கட்டி இறக்கினார்கள். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றோம். திரை முழுக்க டீ நிறம். இன்னும் இறக்கினார்கள். டீ கொஞ்சம் கெட்டியானது, அவ்வளவுதான். விளக்கைப் போட்டார்கள், மண் துகள் பறந்தது. பிரபு என் பக்கம் திரும்பினான்.

"என்னண்ணே, ஒண்ணுமே தெரியல! நீங்க இறங்குனப்ப உள்ள என்ன தெரிஞ்சுது?"

"இதுகூடத் தெரியல தம்பி. நான் கண்ண மூடிக்கிட்டுல்ல இறங்குவேன்."

அவன் நம்பவில்லை. "அப்ப இந்த வயசுல பாண்டிச்சேரிக் கடல்ல போய்க் குதிச்சிட்டு வந்தீங்களாமே, அது மட்டும் எதுக்காம்?" என்று மடக்கினான். கேட்டதுதான் தாமதம், அங்கேயே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் வாய் அடங்கவில்லை. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பூதலூர்க்காரன். புது ஆற்றில் நீந்திப் பழகியவன். அந்த நீச்சலை நம்பித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்களோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சேற்றுத் தண்ணீரில் கண்ணைத் திறக்காதே, வைக்கோலும் முள்ளும் குத்திவிடும். கையை முன்னால் நீட்டிக்கொண்டு போ. காலை ஓட்டையில் விடாதே. மூச்சை இறுக்கிப் பிடி. இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியை ஆறு சொல்லிக் கொடுத்தது.

மூச்சுக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். தலை தண்ணீருக்குள் போனதும் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் தானாகத் தொடங்கும். நிதானமாக இரண்டு தடவை சொல்லி முடிக்கிற வரை வேலை செய்யலாம். மூன்றாவது தொடங்கிவிட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். என் மனைவி செசிலி, "சாமி கும்பிடுறவன் மூச்சு முட்டக் கும்பிடுவானா?" என்று கேலி செய்வாள். கேலி செய்யட்டும். அந்த ஜெபம் என்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

கலியபெருமாள் சாரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் செக்‌ஷன் என்ஜினியர். ஒல்லியான மனிதர், வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. லஸ்கரை வாடா போடா என்று கூப்பிடுகிற அதிகாரிகளைப் பார்த்திருந்த எங்களுக்கு, "வாங்க சவரிமுத்து, உட்காருங்க" என்று இவர் சொன்னபோது முதலில் பயமாகத்தான் இருந்தது. கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தோம். இல்லை, அவர் பேச்சே அப்படித்தான். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குடையை மடக்குவார். குடை மடங்கினால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

ஆளை இறக்குவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைப்பார். என் இடுப்பில் கயிற்றைக் கட்டுவார். கட்டிய முடிச்சை அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை கட்டுவார். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சாக்கில் வைக்கோலையும் இரண்டு செங்கல்லையும் திணித்து, அதையும் கயிற்றில் கட்டி, நான் இறங்க வேண்டிய அதே இடத்தில் முதலில் அதை இறக்குவார். ஷட்டருக்கு அடியில் ஓட்டை இருந்தால் சாக்கை அது இழுக்கும். அந்தச் சாக்கை ஒற்றைக் கையால் மேலே இழுக்க அவரால் முடிந்தால்தான் நான் இறங்கலாம். இரண்டு கை தேவைப்பட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. "மொதல்ல சாக்கு போகட்டும். அப்புறம் நீங்க போங்க" என்பார். கயிற்றில் நான் ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், இரண்டு இழுத்தால் கயிறு விடு, மூன்று என்றால் உடனே தூக்கு.

ஒரு ஐப்பசியில் விடாமல் மழை. வாய்க்காலில் கீழே ஒரு மைல் தள்ளிக் கரை உடைத்துக்கொண்டது. நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பாப் பயிர் பூராவும் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. தாழ்வான தெரு ஒன்றில் வாசல் வரை தண்ணீர். வாய்க்கால் தலைப்பில் எங்கள் ஷட்டரை மூடினால்தான் அங்கே உடைப்பை அடைக்க முடியும். மூடினோம். ஒன்று ஒழுங்காக உட்கார்ந்தது. இன்னொன்று முழங்கால் உயரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. சாவி போட்டுச் சுற்றினோம், நாலு பேர் தொங்கினோம், இம்மி அசையவில்லை. ஏற்றவும் முடியவில்லை. அடியில் எதுவோ மாட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. டிராக்டர் வைத்திருக்கிற தனபால் என்பவர்தான் எல்லோரிலும் பெரிய சத்தம். "ஆள எறக்குங்க சார்! சம்பளம் வாங்கலையா அவரு?" என்று குதித்தார். எனக்கும் கை துறுதுறுத்தது. இறங்கிவிடுகிறேன் சார் என்றேன். கலியபெருமாள் சார் சாக்கை இறக்கினார். சாக்கு போன வேகத்தில் கயிறு அவர் கையைக் கிழித்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் அதைத் திரும்ப இழுத்தோம். சாக்கு கிழிந்து செங்கல் போயே போய்விட்டது.

அவர் குடையை மடக்கினார். "ஆத்து ஷட்டர் எல்லாத்தையும் முழுசா ஏத்துங்க. மேல தண்ணி எறங்கட்டும். எறங்குனா இங்க இழுப்பு கொறையும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? பயிரு அழுவிடும் சார்!" என்று தனபால் மறுபடி கத்தினார்.

"அவசரம் உங்களுக்குங்க. எனக்கு ஆள் திரும்பி வரணும்."

காலையில் தொடங்கியது, பிற்பகல் வரை இழுத்தது. அவர் வேறு சாக்கு, வேறு சாக்கு என்று இறக்கிக்கொண்டே இருந்தார். திட்டு வாங்கிக்கொண்டே நின்றார். கடைசியாக ஒரு சாக்கை ஒற்றைக் கையால் இழுத்து மேலே கொண்டுவந்தார். அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

இறங்கினேன். ஜெபம் தொடங்கியது. கையை நீட்டினேன். இரும்புக் கம்பி தட்டுப்பட்டது, பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஏணியா? ஜன்னலா? தடவத் தடவ அது வளைந்துகொண்டே போனது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். அப்போதுதான் பிடிபட்டது. டிராக்டரைச் சேற்றில் இறக்கி உழுவதற்குச் சக்கரத்தோடு மாட்டுவார்களே, கேஜ் வீல், அது! ஒரு கம்பி ஷட்டர் ஏறி இறங்குகிற காடியில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தியமாக.

மூன்றாவது முங்கில் ஒரு வடக்கயிற்றைக் கொண்டுபோய் அதில் கட்டினேன். கட்டி முடிக்கும்போது என் வலது உள்ளங்கையைக் கம்பி கிழித்தது. வலியில் உடம்பைத் திருப்பினேன். கால் வழுக்கி இடைவெளிக்குள் போய்விட்டது. இழுப்பு குறைந்திருந்தது, ஆனால் போய்விடவில்லை. கணுக்காலை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மூன்றாவது ஜெபம் தொடங்கிவிட்டது. கயிற்றை ஒரு தடவை இழுத்தேன், இரண்டாவது தடவை இழுத்தேன். மூன்றாவதற்கு அவர் காத்திருக்கவில்லை, தூக்கிவிட்டார். மேலே வந்து விழுந்தேன். என் பையன் பிறந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

வடக்கயிற்றைத் தனபாலின் டிராக்டரில்தான் மாட்டி இழுத்தோம். வீல் கரையேறியது. தனபால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. "இது... நம்ம வீலு மாதிரில்ல இருக்கு" என்றார். மழைக்கு முன்னால் படித்துறையில் கழுவி வைத்துவிட்டுப் போன வீல்! கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு குத்தாலம் வரைக்கும் கேட்டிருக்கும். ஷட்டர் கிண்ணென்று போய் உட்கார்ந்தது. இருட்டுவதற்குள் உடைப்பை அடைத்துவிட்டார்கள். பயிரில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது கலியபெருமாள் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாத்தீங்க சவரிமுத்து, உள்ள?"

"நான் எங்க சார் பாத்தேன்? கையாலதான் பாத்தேன்."

அவர் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அப்புறம், "கடல்ல சிலிண்டர் கட்டிக்கிட்டு எறங்குறாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம். நீங்க ஒருநாள் அதுல எறங்கணும். தண்ணிக்குள்ள இவ்வளவு நேரம் இருந்த மனுஷன் ஒரு தடவையாவது கண்ணால பாக்கணுங்க" என்றார்.

அவர் சும்மா சொல்லியிருப்பார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் டிவியில் எங்காவது ஒருவன் முதுகில் சிலிண்டரோடு மீன்களுக்கு நடுவே மிதந்தால் சாப்பாட்டுத் தட்டோடு போய் முன்னால் நின்றுவிடுவேன். வேளாங்கண்ணிக்குப் போனால் மாதாவிடம் பிள்ளைகளுக்கு வேண்டிக்கொண்ட கையோடு இதையும் வேண்டிக்கொள்வேன். வேலை, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றி வைத்ததும் செசிலியிடம், "கடல்ல எறங்கப் போறேன்" என்றேன். "மொதல்ல காப்பியக் குடிங்க" என்றாள்.

எங்கள் மகள் பாண்டிச்சேரியில் நர்ஸாக இருக்கிறாள். அவள்தான் டைவிங் பள்ளியை விசாரித்து வைத்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நெஞ்சைத் தட்டி, பிரஷரைப் பார்த்து, ஓடச் சொல்லிப் பார்த்து, கடைசியில் சரி என்றார். "ஆனா இந்த வருஷமே போய்ட்டு வந்துடுங்க. அடுத்த வருஷம் நான் கையெழுத்துப் போடுவேனான்னு சொல்ல முடியாது" என்றார். சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொள்கிற மாதிரி என் ஆசை அந்த ஒரு வருடத்தைத் தொற்றிக்கொண்டிருந்தது. இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை.

டைவிங் சொல்லித்தருகிறவள் ஒரு நாகூர்ப் பெண். ரிஸ்வானா என்று பெயர். என் மகளைவிடச் சின்னவள். தலையை மூடிய நீச்சல் உடை, விசில் மாதிரிக் குரல். நம் பக்கத்துப் பெண் என்றதும் எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. வாயில் வைத்து மூச்சு விடுகிற கருவியைக் காட்டி, "இதுக்குப் பேரு ரெகுலேட்டர் அங்கிள்" என்றாள். "எனக்கேவா?" என்றேன். காரணத்தைச் சொன்னதும் அவளும் சிரித்தாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எல்லாத்தையும் மறந்தாலும் ஒண்ண மறக்கக் கூடாது. மூச்ச மட்டும் பிடிக்கவே கூடாது. மேல வரும்போது உள்ள இருக்குற காத்து பெருசாகும். அடைச்சு வச்சீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சிரும். இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். புரியுதா?"

புரிந்தது. நீச்சல் குளத்தில் தலையை உள்ளே வைத்தேன். வைத்ததும் 'அருள் நிறைந்த மரியே' தொடங்கியது. மூச்சு நின்றுவிட்டது.

அவள் என்னை வெளியே இழுத்தாள். மறுபடி இறங்கினேன். மறுபடியும் அதே கதை. வாயில் காற்று தயாராக இருக்கிறது, முதுகில் ஒரு சிலிண்டர் முழுக்கக் காற்று, நான் மட்டும் கல்லாக உட்கார்ந்திருக்கிறேன். வாழ்நாள் பூராவும் உயிரைக் காப்பாற்றிய பழக்கம்! ஜெபம் வேண்டாம் என்று நினைத்தால் அது இன்னும் வேகமாக ஓடியது. சாயங்காலம் வரை முயன்றோம். ரிஸ்வானா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குத் தண்ணியில பயமே இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கும் இப்படியே இருந்தா கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்க திரும்பி வரணும்ல."

யார் சொன்ன வார்த்தை அது! எனக்குக் கோபம்கூட வரவில்லை. கலியபெருமாள் சாரின் சாக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்திருந்த செசிலி என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன்.

"ஜெபத்த நிறுத்த முடியல செசிலி."

"எதுக்கு நிறுத்துறீங்க? வீட்டுல ஜெபமாலை சொல்றப்ப முழு ஜெபத்தையும் நீங்க ஒருத்தரேவா சொல்றீங்க? முதல் பாதிய நீங்க சொல்வீங்க, ரெண்டாம் பாதிய நாங்க சொல்வோம். அதுமாதிரி சொல்லுங்க. உங்க பாதிக்கு மூச்ச இழுங்க. எங்க பாதிக்கு விடுங்க." தட்டை என் பக்கம் தள்ளினாள். "இதுக்குப் போயி பட்டினி கெடக்குறாரு."

தட்டை இழுத்துக்கொண்டேன். எத்தனை வருடம் தினமும் சொன்ன ஜெபமாலை! அந்த இரவே கட்டிலில் படுத்துக்கொண்டு நான் ஒரு பாதி இழுத்தேன், அவள் மறுபாதியை முணுமுணுத்தாள், நான் விட்டேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் குளத்தில் தலையை வைத்தேன். ஜெபம் தொடங்கியது. என் பாதிக்கு இழுத்தேன். செசிலியின் பாதிக்கு விட்டேன். காதுக்குப் பக்கத்தில் குமிழி குபுகுபுவென்று மேலே போனது. என் பாதி, அவள் பாதி. மூன்றாவது ஜெபம் வந்தது, போனது! நான் உள்ளேயே இருந்தேன்! பத்தாவது ஜெபத்திலும் இருந்தேன்! ரிஸ்வானா என் கையைப் பிடித்திருந்தாள். சைகை எல்லாம் மறந்துபோய் அவள் கையை ஒரு தடவை இழுத்தேன். மேலே வந்ததும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். "சரி, நமக்குள்ள அதே இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த நாள் விடிந்ததும் படகு. கரை சின்னதாகிக்கொண்டே போனது. கரையில் செசிலி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக விழச் சொன்னார்கள். விழுந்தேன். ரிஸ்வானா கையில் கொடுத்த நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். காதில் வலி வரும்போது மூக்கைப் பிடித்து ஊதினேன். ரிஸ்வானா பக்கத்திலேயே இருந்தாள். என் பாதி, செசிலியின் பாதி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

முகத்துக் கண்ணாடியில் டக் டக் என்று யாரோ தட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது. படகிலிருந்து விழுந்த நேரம் முதல் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறேன்! குளத்திலும் இப்படித்தான் இருந்திருப்பேன், மூச்சைக் கவனித்ததில் கண்ணை யாரும் கவனிக்கவில்லை. கயிற்றைப் பிடிக்காத கை பழக்கப்படி முன்னால் நீண்டு, இல்லாத ஷட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் தட்டினாள்.

கண்ணைத் திறந்தேன்.

முதலில் தெரிந்தது மீன் இல்லை. என் வலது கை. முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில், விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியுமாம். அவ்வளவு பெரிதாக, ஒவ்வொரு ரேகையும் தெரிகிற மாதிரி இருந்தது. உள்ளங்கைக்குக் குறுக்கே கேஜ் வீல் போட்ட தழும்பு. எத்தனை வருடம் இருட்டில் எனக்கு முன்னால் போன கை! அது தண்ணீருக்குள் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் விரல்களின் இடைவெளியில் ஒரு மஞ்சள் கோடு போட்ட மீன் போவதைப் பார்த்தேன். அதன் பின்னால் ஒரு கூட்டம். கீழே பாறை, பாறையில் செடி மாதிரி என்னென்னவோ, மேலே வெயில் உடைந்து உடைந்து ஆடியது. எவ்வளவு தூரம் தெரிந்தது! கண்ணாடிக்குள் கண்ணீர் சேர்ந்துவிட்டது. கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஊதினேன். மறுபடி சேர்ந்தது. மறுபடி ஊதினேன். ரிஸ்வானா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். அவள் கையை ஒரு தடவை இழுத்தேன்.

கரையேறியதும் ஈர உடையைக் கழற்றக்கூட இல்லை. கலியபெருமாள் சாருக்குப் போன் போட்டேன். தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். நடை குறைந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கடலுக்குப் போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்ததால் என் பெயரைக் கேட்டதும் வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

"என்ன பாத்தீங்க சவரிமுத்து?"

"கையப் பாத்தேன் சார்."

காதில் இன்னும் கடல் தண்ணீர் இருந்தது. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார்" என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு."